மறுபடியும் முதலாம் இதழ்

இங்கே ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை பத்தரை மணி. சென்னையில் இரவு எட்டு. சிட்னியில் ஞாயிறு பிறந்து அரை மணி நேரமாகிவிட்டது. அங்கே தூங்காமல் நேரலையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்குத் தனி வணக்கம். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார், "இலக்கியக் கூட்டத்தில் சூப்பர்மேனா, ஐயா?" என்று. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நான் சூப்பர்மேனின் பெருமை பேச வரவில்லை. ஒரு கதையை இருபது வருடம் கூடவே வாழ்ந்து படித்தவனிடம், ஒரு புதன்கிழமை காலையில், "அது எதுவும் நடக்கவில்லை" என்று சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பேச வந்திருக்கிறேன். அது எனக்கு நடந்தது. பிறகு என் மகளுக்கும் நடந்தது. இரண்டாவது தடவைதான் எனக்கு விஷயமே விளங்கியது.

பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். அமெரிக்காவின் டிசி, மார்வெல் என்ற இரண்டு பெரிய பதிப்பகங்களும் தங்கள் நாயகர்கள் எல்லோரையும் ஒரே உலகத்தில் வைத்திருக்கின்றன. பேட்மேன் கதையில் இடிந்த கட்டடம் சூப்பர்மேன் கதையிலும் இடிந்துதான் கிடக்க வேண்டும். இதைத் தொடர்ச்சி என்பார்கள். சூப்பர்மேன் வந்தது 1938-இல். இத்தனை வருடத் தொடர்ச்சியைச் சுமப்பது லேசான காரியமில்லை. அதனால் அவ்வப்போது கணினியை அணைத்துப் போடுவதுபோல் உலகத்தையே அணைத்துப் போட்டு, முதலாம் இதழிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதுதான் ரீபூட்.

நான் இந்த உலகத்துக்குள் நுழைந்தது 1991-இல், பதினான்கு வயதில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்காபரோவில் மாமி வீட்டில் இறங்கினேன். மாமி என்றால் எங்கள் பேச்சில் அப்பாவின் தங்கை. அவருடைய கணவர், என் மாமா, பகலில் ஒரு தொழிற்சாலையிலும் இரவில் அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலையும் செய்தார். எனக்கு ஆங்கிலம் தடுமாற்றம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் இருந்த காமிக்ஸ் கடையில், வாசலோரம் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். எதை எடுத்தாலும் 25 சதம். படம் இருந்ததால் பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டியில்தான் ஃபிளாஷ் கிடைத்தான், வாலி வெஸ்ட்.

வாலி என்றதும் கிஷ்கிந்தைக்குப் போய்விடாதீர்கள். இவன் அமெரிக்கப் பையன். இவனுடைய கதைதான் இன்றைய பேச்சின் நடுத்தூண், ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மின்னல் வேகத்தில் ஓடும் ஃபிளாஷ் என்ற நாயகன், பாரி ஆலன், 1956-இல் வந்தான். வாலியின் அத்தை ஐரிஸைக் கட்டப்போகிறவன், ஆக வாலிக்கு மாமா. 1959 கடைசியில் அதே போன்ற விபத்தில் வாலிக்கும் அந்த வேகம் வருகிறது. மாமாவின் பின்னால் ஓடும் சின்னப் பையனாகவே கால் நூற்றாண்டு போகிறது. பிறகு 1985-இல் வந்த 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' தொடரின் எட்டாம் இதழில் பாரி உலகத்தைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போகிறான். வாலி மாமாவின் சிவப்பு உடையை எடுத்து மாட்டிக்கொள்கிறான்.

அமெரிக்கக் காமிக்ஸில் செத்தவர்கள் திரும்பி வருவது வழக்கம். பாரி இருபது வருடத்துக்கு மேல் செத்தே இருந்தான். அந்த இருபது வருடத்தில் வாலி வளர்ந்தான். முதலில் பணத்தாசை பிடித்த, பெண்கள் பின்னால் அலைகிற, மாமாவின் பெயருக்குத் தகுதியில்லாத ஒருவனாக இருந்தான். 1992 முதல் மார்க் வைட் எழுத ஆரம்பித்ததும் அந்தக் குறையே கதையானது. 1993-இல் பாரி திரும்பி வந்துவிட்டதுபோல ஒரு கதை. வந்தவன் உண்மையில் பாரி இல்லை, வேடம் போட்ட எதிரி. அதைவிட முக்கியம், வாலி ஏன் இத்தனை நாளும் மாமாவின் வேகத்தை எட்டவில்லை என்பதற்குக் கதை சொன்ன காரணம். எட்டிவிட்டால் மாமாவின் இடத்தை எடுத்துக்கொண்டதாகிவிடும், மாமா உண்மையிலேயே போய்விட்டார் என்றாகிவிடும் என்று அவனுக்குப் பயம்.

அதைப் படித்தபோது எனக்குப் பதினாறு வயது. மாமாவின் முதுகு போய், இரவு வேலைக்கு நான் போக ஆரம்பித்திருந்த நேரம். கொம்பனியின் பெயர் பொறித்த அவருடைய சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவேன். தோள் எனக்குப் பெரிது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் தற்செயல் என்று சொல்லலாம். ஆனால் தொடர்கதை வாசிப்பே இப்படித் தற்செயல்களால் ஆனதுதான். நாவலை ஒரு வாரத்தில் முடித்துவிடுவீர்கள். மாத இதழோ உங்கள் வயதோடு சேர்ந்து வளரும். வாலி, லிண்டா பார்க் என்ற செய்தியாளரைக் காதலித்தான். 2000-இல் கல்யாணம். அதே வருடம்தான் எனக்கும். 2005-இல் அவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள், ஐரிஸ், ஜெய். அப்போது என் மகளுக்கு மூன்று வயது.

அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அது முதல் தடவை நடக்கவில்லை. 1998-இல் வந்த இதழில் மணமேடையிலிருந்தே லிண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான் ஆப்ரா கடாப்ரா என்ற மந்திரக்கார வில்லன். தூக்கியதோடு விடவில்லை. உலகத்தில் ஒருவருக்கும் அவள் நினைவில்லாமல் செய்துவிடுகிறான். வாலிக்கும் நினைவில்லை. மாதக்கணக்கில் இதழ்கள் வந்துகொண்டிருந்தன, அவளை யாருமே தேடவில்லை. அவள் இருந்தாள் என்று தெரிந்தவர்கள் வாசகர்கள் மட்டும்தான். நான் ஒவ்வொரு மாதமும் கடைக்குப் போய், "இந்த மாதமாவது இவனுக்கு ஞாபகம் வருமா" என்று நின்றுகொண்டே புரட்டிப் பார்ப்பேன். கடைசியில் அவள் வந்தாள், கல்யாணமும் நடந்தது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் இருந்தாள் என்பதையே அழித்து, அவளை நேசித்தவர்களின் நினைவையும் அழிப்பது அந்தக் கதையில் வில்லன் செய்கிற வேலை.

2011 ஆகஸ்ட் 31, புதன்கிழமை. டிசியின் 'ஃபிளாஷ்பாயிண்ட்' என்ற ஐந்து இதழ்த் தொடரின் கடைசி இதழும், புதிய 'ஜஸ்டிஸ் லீக்' முதலாம் இதழும் ஒரே நாளில் வந்தன. அடுத்த மாத முடிவுக்குள் 52 தலைப்புகளும் ஒன்றிலிருந்து ஆரம்பம். நியூ 52 என்று பெயர். 904 இதழ்கள் கண்ட ஆக்‌ஷன் காமிக்ஸ், அதாவது 1938-இல் சூப்பர்மேனைத் தந்த அந்த இதழ், மறுபடியும் முதலாம் எண். விற்பனை துள்ளிக் குதித்தது. பல இதழ்கள் மறுபதிப்புக் கண்டன.

அந்தப் புதிய உலகத்தில் பாரி ஆலன் இருந்தான். அவனை 2008-இலேயே உயிரோடு கொண்டுவந்திருந்தார்கள். வாலி இல்லை. லிண்டா இருந்தாள், ஆனால் அவளுக்கு வாலி என்று ஒருவனைத் தெரியாது. குழந்தைகள் இல்லை. செத்தார்கள் என்றால் ஒரு பிரிவு இருக்கும், ஓர் அழுகை இருக்கும். இவர்கள் சாகவில்லை. பிறக்கவே இல்லை.

பதிப்பகம் ஏன் இதைச் செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், அவர்கள் முட்டாள்கள் அல்ல. அமெரிக்காவில் காமிக்ஸ் பெரும்பாலும் தனிக் கடைகளில் விற்கிறது. கடைக்காரர் எடுத்த பிரதி விற்காவிட்டால் பொதுவாகத் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே அவர் பயந்து பயந்துதான் எடுப்பார். முதலாம் இதழ் என்றால் துணிந்து எடுப்பார். இன்னொன்று, படம் பார்த்துவிட்டுக் கடைக்குள் வரும் ஒரு பிள்ளையின் கையில் 881-ஆம் இதழைக் கொடுத்தால் அது எங்கே தொடங்கும்? பிறகு வயது. ஸ்பைடர்மேன் 1962-இல் பள்ளி மாணவன். நேர்மையாகக் கணக்குப் போட்டால் இன்று அவனுக்கு முதியோர் பேருந்துச் சலுகை கிடைக்கும். மார்வெலில் இந்த வயதுப் பயத்தால்தான் 2007-இல், இருபது வருடம் கல்யாணமாகி இருந்த ஸ்பைடர்மேனின் கல்யாணத்தையே ஒரு பேயோடு பேரம் பேசி இல்லாமலாக்கினார்கள். விவாகரத்து செய்தால் நாயகனுக்கு வயதாகிவிட்டது போலத் தோன்றுமாம். பேயோடு ஒப்பந்தம் போட்டால் தோன்றாதாம்! இந்த அறிவை என்னவென்று சொல்வது.

அப்படியானால் பழைய வாசகர்களின் ஏமாற்றம் வெறும் பிடிவாதமா? மாற்றத்தை ஏற்காத கிழட்டுத்தனமா? நானும் அப்படித்தான் சில வருடம் என்னையே திட்டிக்கொண்டேன். இலக்கியம் தெரிந்த ஒரு நண்பர் என்னிடம் கேட்டார், "கம்பன் வால்மீகியை ரீபூட் செய்யவில்லையா? நாம் அதைக் கொண்டாடுகிறோமே" என்று.

நல்ல கேள்வி, ஆனால் சரியான ஒப்பீடு இல்லை. கம்பன் வேண்டிய இடத்தில் மாற்றினான், தமிழுக்கு ஏற்றபடி சொன்னான். ஆனால் வால்மீகி சொன்னது நடக்கவில்லை என்று சொல்லவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஊருக்கு ஊர் கூத்தில் வேறு ராமன் வருகிறான், யாரும் யாரையும் ரத்துச் செய்வதில்லை. மறுகூறல் என்பது இன்னொரு வாசல் திறப்பது. ரீபூட், நீங்கள் உள்ளே இருக்கும்போதே வீட்டை இடிப்பது. அதைவிட, இங்கே நிறுவனமே வருடக்கணக்கில் வாசகனிடம் சொல்லி வளர்த்திருக்கிறது: ஒவ்வொரு இதழும் முக்கியம், ஒன்றையும் தவறவிடாதே, எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள். மார்வெலில் ஸ்டான் லீ காலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கதையில் உள்ள முரணைக் கண்டுபிடித்து, அது ஏன் முரண் இல்லை என்று விளக்கமும் எழுதும் வாசகருக்கு 'நோ-பிரைஸ்' என்று ஒரு பரிசு தருவார்கள். தபாலில் ஒரு வெற்று உறை வரும். உள்ளே ஒன்றும் இருக்காது. அதைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் உண்டு. ஓட்டையை அடைக்கும் வேலையை வாசகன் சம்பளமில்லாமல் செய்தான், பெருமையாகவும் செய்தான். அப்படி ஞாபகத்தைச் சுமந்தவனிடம்தான் ஒருநாள் வந்து, "உன் ஞாபகம்தான் எங்களுக்குப் பாரம்" என்கிறார்கள்.

எல்லா ரீபூட்டும் ஒரே மாதிரி வலித்ததில்லை. 1985-இல் மார்வ் வுல்ஃப்மனும் ஜார்ஜ் பெரஸும் செய்த 'க்ரைசிஸ்' இதைவிடப் பெரிய இடிப்பு. ஆனால் அது பன்னிரண்டு இதழ் நீளமான ஓர் இழவு வீடு. பழைய சூப்பர்மேனை அனுப்பிவைக்க 1986-இல் ஆலன் மூரைக் கொண்டு ஒரு கடைசிக் கதை எழுத வைத்தார்கள். அதை வரைந்தவர், பல பத்து வருடம் சூப்பர்மேனை வரைந்து கிழவராகியிருந்த கர்ட் ஸ்வான். வாசகனுக்குக் கையசைக்க ஒரு வாசற்படி கிடைத்தது. பாரி செத்தது புதிய உலகத்திலும் நடந்ததாகவே இருந்தது. அதனால்தான் வாலியால் துக்கப்பட முடிந்தது, அந்தத் துக்கத்திலிருந்து நல்ல கதைகள் வந்தன.

ஆனால் அதிலும் ஒருத்திக்கு அநியாயம் நடந்தது. சூப்பர்கேர்ள், காரா. 'க்ரைசிஸ்' ஏழாம் இதழில் அவள் சாகிறாள். அவளது உடலைக் கையில் ஏந்தி சூப்பர்மேன் அழுகிற அந்த அட்டைப்படத்தைக் காமிக்ஸ் பக்கமே வராதவர்கள்கூடப் பார்த்திருப்பீர்கள். உலகமே அழுதது. பிறகு தொடர் முடிந்து புதிய உலகம் வந்தபோது, சூப்பர்மேன்தான் அவனுடைய கிரகத்தின் ஒரே மிச்சம் என்று முடிவு செய்தார்கள். ஆகவே காரா இருந்ததே இல்லை. செத்த தியாகமும் இல்லை, அழுதவர்களுக்கும் ஞாபகமில்லை.

1989-இல் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் வந்தது. அதில் ஆலன் ப்ரென்னர்ட் எழுதிய ஒரு சின்னக் கதை. டெட்மேன் என்று ஓர் ஆவி நாயகன். நல்லது செய்து செய்து, யார் கண்ணுக்கும் தெரியாமல், ஒரு நன்றி கூடக் கிடைக்காமல் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். பொன்னிற முடியுள்ள ஒரு பெண் வருகிறாள். அவளுக்கு மட்டும் அவன் தெரிகிறான். பாராட்டுக்காகவா நாம் இதைச் செய்தோம், யாருக்கும் தெரியாவிட்டாலும் செய்வதுதான் செய்கை என்கிற மாதிரிப் பேசுகிறாள். போகும்போது அவன் பெயர் கேட்கிறான். காரா என்கிறாள், உனக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது என்கிறாள். அவ்வளவுதான் கதை. சூப்பர்கேர்ள் என்ற சொல்லே வராது. புது வாசகனுக்கு அவள் யாரோ ஒரு பெண். பழைய வாசகனுக்கு அந்தப் பக்கத்தில் கண் நிறைந்துவிடும்.

நான் அதை வெகுகாலம் கழித்து, அதே 25 சத மாதிரிப் பெட்டி ஒன்றில் எடுத்துப் படித்தேன். எழுதுகிறவர்களும் வாசகர்கள்தான் என்று அப்போது தோன்றியது. மேலிடத்து உத்தரவை மீற முடியாது. ஆனால் அழிக்கப்பட்டவளுக்கு எட்டு, பத்துப் பக்கத்தில் ஒரு திவசம் செய்துவிட்டார் அவர்.

2011-இல் அப்படி எதுவும் இல்லை. அவசரம். பேட்மேன் கதையும் கிரீன் லாண்டர்ன் கதையும் நன்றாக விற்றுக்கொண்டிருந்ததால் அவற்றைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். மற்றவர்களுக்குத்தான் துடைப்பம். நாயகர்கள் வெளியுலகில் தோன்றி ஐந்து வருடம்தான் ஆகிறது என்று புதுக் கணக்கு. ஆனால் பேட்மேனுக்கு ஏற்கெனவே நான்கு ராபின்கள் வந்து போயிருந்தார்கள், நான்காமவன் அவனுடைய சொந்த மகன், வயது பத்து! இந்தக் கணக்கை ஒப்பேற்ற எழுத்தாளர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் பழைய தொடர்ச்சியே எளிது என்று தோன்றும்.

சிரிப்பை விடுங்கள், பார்பரா கார்டனைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் பேட்கேர்ள். 1988-இல் ஜோக்கர் சுட்டதில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தாள். அந்தக் கதை அவளைப் பயன்படுத்தித் தூக்கிப் போட்டது. ஆனால் கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் என்ற தம்பதி எழுத்தாளர்கள் அவளை எடுத்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி எல்லா நாயகர்களுக்கும் தகவல் தந்து வழிநடத்தும் ஆரக்கிளாக மாற்றினார்கள். இருபது வருடத்துக்கு மேல் அவள் ஆரக்கிள். நியூ 52-இல் அவள் எழுந்து நடந்தாள், மறுபடியும் பேட்கேர்ள் ஆனாள். அந்த இதழ்களைக் கெய்ல் சிமோன் நன்றாகவே எழுதினார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் நாற்காலியிலேயே வாழ்கிற வாசகர்கள் தங்களைப் போன்ற ஒரே பெரிய நாயகியை இழந்தார்கள். நடக்க முடிந்தது நல்ல செய்திதானே என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

நான் அந்தச் செப்டம்பரில் வாங்குவதை நிறுத்தினேன். கோபம். ஆனால் என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கடைக்குக் கூட்டிப்போனபோது அவள் எடுத்தது புதிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதலாம் இதழ். கிராண்ட் மாரிசன் எழுதி ராக்ஸ் மொராலஸ் வரைந்தது. அந்த சூப்பர்மேனுக்கு வழக்கமான நீல உடை இல்லை. டீ-சேர்ட், ஜீன்ஸ், வேலைக்குப் போகிறவர்கள் போடும் சப்பாத்து. சின்ன அறையில் வாடகைக்கு இருக்கிறான். முதல் இதழிலேயே ஊழல் செய்த ஒரு பணக்காரனைத் தூக்கி மாடியிலிருந்து தொங்கவிட்டு உண்மையைச் சொல்ல வைக்கிறான். மகளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்தது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "உண்மையான சூப்பர்மேன் இவனில்லை" என்று அவளிடம் அடிக்கடி சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஐந்து வருடம் மாதாமாதம் வாங்கினாள். அவளுக்கென்று ஒரு பெட்டி நிறைந்தது.

2016 மே 25. 'டிசி யூனிவர்ஸ்: ரீபர்த்' என்று எண்பது பக்கத்தில் ஓர் இதழ், ஜெஃப் ஜான்ஸ் எழுதியது. எனக்குச் செய்தி வந்துவிட்டது. வேலை முடிந்து நேரே கடைக்குப் போய், காருக்குள்ளேயே இருந்து படித்தேன். வாலி திரும்பி வந்திருந்தான். காலத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டு, கரைந்துகொண்டிருக்கிறான். யாராவது ஒருவர் அவனை நினைவுகூர்ந்தால்தான் உள்ளே வர முடியும். ஒவ்வொருவராகப் போகிறான். லிண்டாவிடம் போகிறான். அவளுக்குத் தெரியவில்லை. சரி என்று தன்னைக் கரைய விட்டுவிட முடிவு செய்து, கடைசியாக மாமாவிடம், பாரியிடம், நன்றி சொல்லிவிட்டுப் போக வருகிறான். பாரிக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. கையைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொள்கிறான். யாரோ இந்த உலகத்தின் காலத்தைத் திருடிவிட்டார்கள் என்று வாலி சொல்கிறான். தாங்கள் செய்ததைத் தாங்களே திருட்டு என்று பதிப்பகமே ஒப்புக்கொண்டது போலத்தான் எனக்குக் கேட்டது. நாற்பதை நெருங்கும் ஓர் ஆள் கார் நிறுத்துமிடத்தில் அழுதால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தேன்.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்ல ஓடினேன். அவளுக்குப் பதினான்கு வயது. அவள் மேசையில் அதே மே மாதம் வந்த அவளுடைய சூப்பர்மேன் இதழ். 52-ஆவது இதழ். அதில் அவளுடைய சூப்பர்மேன் செத்துப்போகிறான். அவன் இடத்துக்கு லோயிஸோடும் மகனோடும் பழைய சூப்பர்மேன், அதாவது என் சூப்பர்மேன், வந்து நிற்கிறான்.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, உங்கட ஆள் வந்திட்டார். என்ர ஆள் எங்க?"

என்னிடம் பதில் இல்லை. எனக்காக அவர்கள் செய்த பிராயச்சித்தம் அவளிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தது. அடுத்த வருடம் இரண்டு சூப்பர்மேன்களும் எப்போதுமே ஒரே ஆள்தான் என்று இன்னொரு கதை எழுதி ஒட்டுப்போட்டார்கள். அவளைச் சமாதானப்படுத்த அதைக் காட்டினேன். "அப்ப அவர் செத்ததும் நடக்கேல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியை மூடிவிட்டாள்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. பழைய வாசகன் என்பதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. ஐந்து வருடம் போதும். ஒன்பது வயதுப் பிள்ளையைப் புது வாசகி என்று கதவு திறந்து கூப்பிடுகிறார்கள். அவள் உள்ளே வந்து, எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளப் பழகிய அந்த நேரத்தில், அவளும் பாரமாகிவிடுகிறாள். அடுத்த பிள்ளைக்காக அவளுடைய வீட்டை இடிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கில் எல்லோருடைய முறையும் வரும்.

வாலிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், நல்ல செய்தி இல்லை. 2018-இல் 'ஹீரோஸ் இன் க்ரைசிஸ்' என்ற தொடரில், மனைவி பிள்ளைகளை இழந்த துக்கத்தில் நிலைதடுமாறிய வாலியின் கையால் பலர் சாகிறார்கள், அதை அவன் மறைக்கவும் செய்கிறான். ரீபூட் செய்த காயத்துக்கு அவனையே குற்றவாளியாக்கினார்கள். 2021-க்குப் பிறகு அதையும் சரிசெய்து, லிண்டாவையும் பிள்ளைகளையும் அவனிடம் சேர்த்து, நடந்ததெல்லாம் நடந்தவைதான் என்று பொதுவாக அறிவித்தார்கள். படித்தேன், சந்தோஷம்தான். ஆனால் முன்போல் இல்லை. ஒருமுறை இடித்த வீட்டைத் திருப்பிக் கட்டிக் கொடுத்தாலும், சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கத் தோன்றுகிறது.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. தமிழில் லயன் காமிக்ஸ் வழியாக நம்மில் பலர் படித்த டெக்ஸ் வில்லர் இத்தாலியில் 1948 முதல் வருகிறார். மனைவி லிலித் இறந்தவள், இன்றும் இறந்தவள்தான், மகன் கிட் கூடவே குதிரையில் வருகிறான். யாரும் உலகத்தை அணைத்துப் போடவில்லை. தமிழில் முகமூடி வீரர் மாயாவி என்று நாம் படித்த ஃபாண்டம் இன்னும் சுலபம்: அப்பா போனால் மகன், முகமூடி ஒன்றுதான். இங்கிலாந்தின் ஜட்ஜ் ட்ரெட் 1977 முதல் வருடத்துக்கு ஒரு வயதாகக் கிழவனாகிக்கொண்டிருக்கிறார். வாலியும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய பிள்ளைகளில் ஒன்று அடுத்து அந்தச் சிவப்பு உடையைப் போட்டிருக்கும். நான் கிழவனாகி அதைப் படித்திருப்பேன்.

மகள் இப்போது வேறு நகரத்தில் வேலை பார்க்கிறாள். 2024 அக்டோபரில் டிசி 'அப்சொலூட் பேட்மேன்' என்று ஒன்றை ஆரம்பித்தது. பணமில்லாத, மாளிகை இல்லாத பேட்மேன், அம்மா உயிரோடு இருக்கிறாள். வேறு உலகம், பழையதைத் தொடவில்லை, அது பக்கத்தில் தன்பாட்டுக்குப் போகிறது. மகள் வாங்கிப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினாள், ஒன்பது வயதில் பேசியதுபோல. பிறகு கேட்டாள், "இதை எத்தனை வருஷத்துக்கு விடுவினம் எண்டு நினைக்கிறீங்கள், அப்பா?" தெரியாது என்றேன். "அப்ப ரெண்டு பிரதி எடுத்து வைக்கிறன். ஒண்டு உங்கட பெட்டிக்குள்ள போடுங்கோ" என்றாள்.

நிலவறையில் இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவளுடையதில் மேலே இருப்பது அந்த 52-ஆவது இதழ். நான் அதைத் திறப்பதில்லை.

நேரம் கடந்துவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கைகாட்டுகிறார். கேள்விகள் இருந்தால் அரட்டைப் பெட்டியில் எழுதுங்கள், சிட்னிக்காரர்களின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.